இடம்பெயர்ந்த குடும்பத்தின் கதையை எழுதுவது எப்படி?

1995 ஐப்பசி மழையில் யாழ்ப்பாணத்தைவிட்டு, கைக்குழந்தையோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த ஒரு தாய்க்கு இன்று ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். அன்று அவரோடு நடந்த மாமியார் எழுபதைத் தொட்டவர் என்றால், அவர் சொல்லியிருக்கக்கூடிய எதுவும் இனி நமக்குக் கிடைக்காது. ஈழப்போரில் ஊர்விட்டு ஊர் ஓடிய தங்கள் குடும்பத்தின் கதையை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கனடாவிலும் பிரான்சிலும் பிறந்த பிள்ளைகள், தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்தவர்கள், வன்னியிலேயே மீண்டும் வீடு கட்டிக்கொண்டவர்கள். பலருக்கு எழுதிப் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வியிலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

முதல் பிரதிகளில் இரண்டு வகையை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, 1948இல் தொடங்கி, 1956இன் சிங்களம் மட்டும் சட்டம், 1972 யாப்பு என்று நடந்து, முப்பதாம் பக்கத்தில்தான் வீட்டு வாசலை எட்டுவது. மற்றொன்று, முதல் வரியிலேயே சாவைச் சொல்லிவிட்டு, இறந்தவர் யார், எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று வாசகர் தெரிந்துகொள்ளும் முன்பே அழச் சொல்வது. குடும்பம் எந்த நாளில், எதை எடுத்துக்கொண்டு, யாரோடு, எந்த வழியால் போனது என்பதை முதலில் சரியாகப் பிடியுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். நாவல் எழுதினாலும் உண்மைக் கதை எழுதினாலும் இதில் மாற்றமில்லை. துயரத்தை நீங்கள் தேடிப்போய்க் கொண்டுவர வேண்டியதில்லை. அது அந்த விவரங்களோடு சேர்ந்தே வரும்.

முதலில் அனுமதி

அம்மாவின் கதைக்குள் சித்தப்பாவின் மகன் இருக்கிறான். அவன் ஆயுதப் போராட்ட இயக்கத்தில் இருந்தது இன்று அவனோடு வாழும் மனைவியின் வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரியம்மா எந்தப் பிள்ளையை எந்தச் சோதனைச் சாவடியில் யாருடைய பிள்ளை என்று சொல்லிக் காப்பாற்றினார் என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே கதை சொல்பவரிடம் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். குரலைப் பதிவு செய்யலாமா? அதை வைத்து எழுதலாமா? பெயரோடு வெளியிடலாமா? மூன்றுக்கும் மூன்று விதமான பதில் வரும். "எழுது, ஆனால் நான் இருக்கும்வரை வெளியே விடாதே" என்பதும் முழுமையான பதில்தான். அப்படியே குறித்துவைத்து மதியுங்கள். நாளை மனம் மாறினால் மறுக்கும் உரிமையும் உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

படிவம் நீட்டிக் கையெழுத்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. முகாமிலும் சாவடியிலும் விளங்காத மொழியில் இருந்த தாள்களில் கையெழுத்திட்டவர்கள் இவர்கள். பதிவின் தொடக்கத்தில் அவர்கள் குரலிலேயே சம்மதத்தைச் சொல்ல வைத்தால் போதும்.

மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்த மறுப்போடு நீங்கள் வளர்ந்த கதை உங்களுடையது. அதை எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம்.

காலவரிசை ஒன்றைப் போடுங்கள்

முதல் நேர்காணலுக்கு முன்பே ஒரு பெரிய தாளில் ஆறு பத்திகள் வரையுங்கள்: நாள், விட்ட இடம், போய்ச் சேர்ந்த இடம், எப்படிப் போனார்கள், கூட இருந்தவர்கள், எடுத்துச்சென்றவை. பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அவற்றை நிரப்பத்தான் நீங்கள் உட்கார்ந்து கேட்கப்போகிறீர்கள்.

மூத்தவர்கள் ஆண்டு, தேதி சொல்லித் தொடங்க மாட்டார்கள். "மூத்தவன் ஐந்தாம் வகுப்புச் சோதனை எழுதிய வருஷம்", "மடுத் திருவிழா முடிந்து வந்த கிழமை", "நெல் அறுவடைக்கு நிற்கும்போது" என்றுதான் சொல்வார்கள். அவற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, எல்லோரும் அறிந்த நாட்களோடு பொருத்துங்கள். கொழும்பில் இருந்த குடும்பமா? 1983 ஜூலை 24 இரவிலிருந்து தொடங்கிய வன்முறை, அகதி முகாமாகிய பள்ளிக்கூடங்கள், காங்கேசன்துறைக்கு வந்த கப்பல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்கே உள்ள வலிகாமம் வடக்கா? 1990 ஜூன் மாதமே பலர் வெளியேறிவிட்டார்கள். அந்தக் காணிகள் பல பத்தாண்டுகள், ராணுவம் பொதுமக்களை விடாத உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. யாழ்ப்பாண நகரமோ வலிகாமத்தின் மற்றப் பகுதிகளோ என்றால் 1995 அக்டோபர் 30ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதம் 17ஆம் தேதி ராணுவம் தொடங்கிய சூரியக்கதிர் நடவடிக்கை நெருங்க, சில மணி நேரத்தில் லட்சக்கணக்கானவர்கள் செம்மணி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அங்கிருந்து கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போனார்களா, 1996 ஏப்ரலுக்குப் பின் வலிகாமத்துக்கே திரும்பினார்களா என்பது உங்கள் கதையின் பெரிய திருப்பம். அந்த முடிவை வீட்டில் யார் எடுத்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

அதே அக்டோபர் 30, ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு குடும்பத்தின் நாள். 1990இல் அன்றுதான் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகுமாறு புலிகள் கட்டளையிட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் முகாம்களில் வாழ்ந்தார்கள். உங்கள் குடும்பம் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால், பக்கத்துத் தெரு ஒரே நாளில் வெறுமையானதை யாரோ ஒருவர் பார்த்திருப்பார். அதையும் கேளுங்கள். தாங்கள் வெளியேறிய நாளை மட்டும் பேசும் கதையை என்னால் முழுமையாக நம்ப முடிவதில்லை.

மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களுக்கு இடப்பெயர்வு இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. 1977 வன்செயலுக்குப் பின் தோட்டங்களைவிட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அந்த மண்ணையும் விட்டு, 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். இவர்கள் கதை மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இறுதிப் போர் நடந்த 2008, 2009க்கு வரும்போது ஊர்களின் வரிசைதான் காலவரிசை. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை நாள் இருந்தார்கள், எத்தனை பதுங்கு குழி வெட்டினார்கள் என்று குறியுங்கள். 2009 ஏப்ரல் 20இல் மாத்தளன் பக்கத்தால் போர்முனையைவிட்டு வெளியே வந்தவர்களா, மே நடுவில் வட்டுவாகல் பாலத்தால் வந்தவர்களா என்பது மிக முக்கியம். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்கள் ஒரு குடும்பத்தின் ஆட்தொகையையே மாற்றியிருக்கின்றன.

கேட்க உட்காரும்போது

கைப்பேசியின் பதிவுக் கருவியே போதும். அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போட்டு, மின்விசிறியிலிருந்து தள்ளி, பேசுபவருக்குக் கிட்ட, ஒரு துணியின் மேல் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பகலில் கேளுங்கள், இரவில் கேட்டால் அவர்கள் தூக்கத்தை நீங்கள் பறித்துக்கொள்வீர்கள். கதை சொல்லி முடித்த உடனே எழுந்து போகாதீர்கள். தேநீர் குடித்து, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, மரக்கறி விலையைப் பற்றிப் பேசி, அவர்கள் இன்றைய நாளுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் கிளம்புங்கள்.

"எப்படி உணர்ந்தீர்கள்?" என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். அதற்குக் கிடைக்கும் பதில் ஊரெல்லாம் சொல்லும் பதிலாகவே இருக்கும். கைகள் செய்த வேலையைக் கேளுங்கள். அன்று காலை அடுப்பில் என்ன இருந்தது? கதவைப் பூட்டினீர்களா? சாவி இப்போது எங்கே? நாயை அவிழ்த்துவிட்டீர்களா? ஆட்டை யாரிடம் கொடுத்தீர்கள்? சைக்கிளில் முன்னுக்கு யார், பின்னுக்கு யார்? நகையை எங்கே ஒளித்தீர்கள்? சாவி எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கிய ஒருவர், வீட்டின் ஒவ்வொரு அறையையும் சொல்லி முடிக்காமல் நிறுத்த மாட்டார்.

கைகளைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான கடற்கரையில் பதுங்கு குழி நிற்காது. கடல் மணல், வெட்ட வெட்டச் சரியும். அணைக்க மண் மூட்டை வேண்டும், சாக்குகளோ எப்போதோ தீர்ந்துவிட்டன. பெண்கள் சேலைகளை எடுத்தார்கள். முதலில் பழைய நூல் சேலைகள், பிறகு நல்லவை, கடைசியாகப் பெட்டியின் அடியில் கிடந்த கூறைச் சேலை. ஓரத்தை மடித்துக் கையால் தைத்து, பையாக்கி, மணலை அள்ளி நிரப்பி, குழியைச் சுற்றி அடுக்கினார்கள். சரிகைக் கரை வெயிலில் மின்னும் அந்த மூட்டைகளுக்குப் பின்னால் குழந்தைகள் உறங்கினார்கள். தன் கலியாணச் சேலையை எத்தனை துண்டாக வெட்டினேன், எந்தத் துண்டு எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லும் ஒரு பெண்ணிடம் "பயமாக இருந்ததா" என்று கேட்க வேண்டிய தேவையே வராது.

1990க்குப் பின்னான யாழ்ப்பாணத்துக்கும் இதே போன்ற கேள்விகள் உண்டு. மின்சாரம் இல்லை, பற்றரி தடை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் திரியும் வைத்து எரித்த விளக்கில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள்? சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி வானொலியில் பி.பி.சி. தமிழோசை கேட்டது யார் வீட்டில்? மிதிப்பது யாருடைய முறை? இந்தக் கேள்விகளுக்குச் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பையும் எழுதுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் விளையாடினார்கள், பெண்கள் வாயாடினார்கள், கலியாணங்கள் நடந்தன.

இறந்தவரைப் பற்றிப் பேச்சு வரும்போது உங்கள் வேலை கேட்பது மட்டும். எப்படி இறந்தார் என்று தோண்ட வேண்டாம். அவர்களாகச் சொன்னால் இடைமறிக்க வேண்டாம். பேச்சு நின்றால் ஒலிப்பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். உடல் நடுங்குவது, மூச்சு வாங்குவது, அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது எல்லாம் நிறுத்த வேண்டிய அடையாளங்கள். அதன்பின் சில நாட்களுக்கு உறக்கம் கெட்டிருக்கிறதா என்று வீட்டாரிடம் விசாரியுங்கள். கெட்டிருந்தால் அடுத்த அமர்வைத் தள்ளிவைத்து, மனநல மருத்துவரையோ உளவளத் துணையாளரையோ பார்க்க உதவுங்கள். புத்தகம் காத்திருக்கலாம்.

பாலியல் வன்முறையைப் பற்றி நீங்களாக ஒருபோதும் கேட்காதீர்கள். ஒருவர் தாமாகச் சொன்னால், அது உங்களிடம் சொல்லப்பட்டது, வாசகரிடம் சொல்லப்பட்டதல்ல. எழுத வேண்டும் என்று அவரே கேட்கும்வரை அது எழுத்தில் வரக்கூடாது.

கேட்பவருக்கும் பாரம் உண்டு. நாள்தோறும் கேட்டு, அன்றிரவே தட்டச்சு செய்பவர்கள் விரைவில் சோர்ந்துவிடுகிறார்கள். இடைவெளி விடுங்கள்.

தாள்களும் பொருட்களும்

எல்லாவற்றையும் இழந்தோம் என்று சொல்லும் வீட்டிலும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். பத்து இடப்பெயர்விலும் நனையாமல் காப்பாற்றிய பை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, நிவாரண அட்டை, குடும்ப அட்டை, செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, முகாம் அடையாள அட்டை, அடகுச் சீட்டு. மீட்கப்படாத நகையின் அடகுச் சீட்டு ஒன்று ஒரு அத்தியாயத்துக்குப் போதும்: எந்தப் பிள்ளையின் பயணத்துக்காக வைத்தது, எத்தனை பவுண், வட்டி கட்ட முடியாமல் போன மாதம் எது.

ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தில்தான் முத்திரைகளும் கையால் எழுதிய கணக்குகளும் இருக்கும். மூலத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருநாள்கூட உங்களிடம் வைத்திருக்க வேண்டாம்.

வெளிநாட்டில் தஞ்சம் கேட்டபோது கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி கிடைத்தால் கவனம் தேவை. அது சட்டத்தரணி கேட்ட கேள்விகளுக்கு, சட்டத்துக்கு வேண்டிய வடிவில், ஒருவேளை மொழிபெயர்ப்பாளர் சுருக்கியபடி எழுதப்பட்டது. வீட்டில் சொல்லும் கதையும் அதுவும் ஒரே போல இருக்காது. வழக்கு முடியாத ஒருவருடைய கதை என்றால், சட்டத்தரணியிடம் காட்டாமல் ஒரு வரிகூட வெளியிடாதீர்கள்.

சரிபார்த்தல்

நினைவு பொய் சொல்லாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது பிழைக்கும் விதம் ஒழுங்கானது. இடமும் ஆட்களும் பெரும்பாலும் சரியாக இருக்கும். நாளும் வரிசையும் நழுவும். ஆகவே நாளை வெளியிலிருந்து சரிபாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் பிரசுரங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் அறிக்கைகள் எண்பதுகளின் இறுதியிலிருந்து ஊர் ஊராக விவரம் சொல்கின்றன. அரசு, புலிகள், இந்திய அமைதிப்படை என எல்லாத் தரப்பின் வன்முறையையும் அவை பதிவு செய்திருக்கின்றன. இறுதிப் போருக்கு ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை இருக்கிறது.

இறுதிப் போரில் மக்கள் போய் இருக்கும்படி அரசு பாதுகாப்பு வலயங்களை அறிவித்த நாட்கள் நல்ல ஆணிகள். முதலாவது 2009 ஜனவரி 21, பரந்தன்–முல்லைத்தீவு வீதியை ஒட்டியது. இரண்டாவது பிப்ரவரி 12, கடற்கரைத் துண்டு. மூன்றாவது மே 8, அதற்குள்ளேயே இன்னும் சிறியது. "பாதுகாப்பு வலயம் என்று சொன்ன பிறகுதான் போனோம், அங்கேதான் செல் (எறிகணை) விழுந்தது" என்று அம்மா சொன்னால் எந்த வலயம், எந்த மாதம் என்று இப்படிக் கண்டுபிடிக்கலாம். காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் ஏற்றியது பிப்ரவரியிலிருந்துதான். அந்தக் கப்பலில் போனவர் திருகோணமலையில் இறங்கினாரா, புல்மோட்டையிலா என்பதும் நாளைக் காட்டும். கூகுள் எர்த்தின் பழைய செயற்கைக்கோள் படங்களில் தறப்பாள் (தார்ப்பாய்) கூடாரங்கள் அடர்ந்த கடற்கரையையே பார்க்கலாம். மூத்தவர்களுக்கு அதைக் காட்டுமுன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவரைத் தோற்கடிக்க வேண்டாம். அக்காவுக்குத் தங்கையின் கையைப் பிடித்திருந்த நினைவு. தங்கைக்குத் தனியாக ஓடிய நினைவு. இரண்டையும் எழுதுங்கள்.

நாவலா, உண்மைக் கதையா?

புதியவர்கள் நாவலை எளிதான வழியாக நினைக்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் எதையும் எழுதலாம் என்று. அப்படியில்லை. ஊரார் ஒரு பக்கத்திலேயே யார் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நாவலை எடுக்க இரண்டு நல்ல காரணங்கள் உண்டு. ஒன்று, உயிரோடிருக்கும் ஒருவரைக் காக்க வேண்டியிருப்பது. மற்றது, கதையின் நடுவில் யாருக்கும் தெரியாத வெற்றிடம் இருப்பது. போர் முடிவில் ராணுவத்திடம் சரணடைந்த அண்ணன் பஸ்ஸில் ஏற்றப்பட்டதுவரை அம்மா கண்டார். அதன்பின் எதுவும் தெரியாது. உண்மைக் கதை அங்கே நிற்க வேண்டும், நிற்பதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். நாவல் அந்த பஸ்ஸுக்குள் ஏறலாம்.

ஆனால் ஏறலாமா என்பதை அந்த அம்மாவை வைத்து முடிவு செய்யுங்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் வருடக்கணக்காகத் தெருவோரம் உட்கார்ந்த தாய்மார் பலர், மகன் இறந்ததாகச் சொல்லும் எந்தத் தாளையும் ஏற்க மறுத்தவர்கள். நீங்கள் நாவலில் அவனைக் கொன்றுவிட்டால் அவர்களுக்கு அது கற்பனை இல்லை. இந்த விஷயத்தில் கலைச் சுதந்திரம் பற்றிய வாதங்களை நான் ஏற்பதில்லை.

உண்மைக் கதை என்றால் உரையாடலை இட்டுக்கட்டாதீர்கள். சொன்னதாக நினைவிருக்கும் ஒரு வாக்கியம் போதும். நாவல் என்றால் பெயர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். நாள், வழி, மழை, என்ன ஆயுதம் என்பவற்றை மாற்றாதீர்கள். கிபிர் போர் விமானம் வராத நாளில் கிபிரை வரவைத்தால், அங்கே இருந்த வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

எழுதத் தொடங்கியபின்

வெளிக்கிட்ட நாளிலிருந்து எழுதத் தொடங்குங்கள். ஒரே ஒரு நாள், காலை முதல் இரவு வரை. அதை எழுதி முடிக்கும்போது உங்களுக்குத் தெரியாதவை என்ன என்பது தெரிந்துவிடும். பிறகு முன்னாலும் பின்னாலும் போகலாம். அரசியல் வரலாறு தேவைப்படும் இடத்தில் இரண்டு வாக்கியம் போதும். அதையும் வீட்டில் யாராவது வானொலியில் கேட்டதாகவோ சந்தியில் பேசியதாகவோ கொண்டுவாருங்கள்.

வன்முறையை எழுதும்போது வேகத்தைக் குறையுங்கள், பெயரடைகளைக் குறையுங்கள். "கோரமான", "நெஞ்சைப் பிளக்கும்" போன்றவற்றை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், வாக்கியம் வலுக்கும். செல் விழுந்த கணத்தைவிட, புகை அடங்கியபின் ஆட்களை எண்ணிப் பார்த்த கணத்தில் கூடுதல் நேரம் நில்லுங்கள். உடல்களை விவரிப்பதில் கட்டுப்பாடு வேண்டும். அந்த உடலின் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள்.

குடும்பத்தைத் தேவதைகளாக்காதீர்கள். இடப்பெயர்விலும் சாதி பார்த்தார்கள். எந்தக் கிணற்றில் யார் அள்ளுவது என்று சண்டை நடந்தது. சீதனக் காணி பற்றிய பகை தறப்பாளுக்குக் கீழும் தொடர்ந்தது. புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகப் பிடித்துச் சென்றபோது பிள்ளைகளை ஒளித்துவைத்த பெற்றோர், அந்தப் பிடிப்பிலிருந்து காக்கப் பதினாறு வயதில் அவசரமாகச் செய்த கலியாணங்கள், தப்பிச்செல்ல முயன்றவர்கள் மீது திரும்பிய துப்பாக்கிகள், இவை எல்லாம் ராணுவத்தின் செல்லடியோடு சேர்ந்தே அந்தக் கதையில் இருக்கின்றன. ஒன்றை எழுதி மற்றதை மறைத்தால் அந்த நாட்களை வாழ்ந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அநேகர் கதையை மிக முன்னதாக முடித்துவிடுகிறார்கள். வட்டுவாகல் பாலத்தோடு முடிப்பது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான், போர்முனையிலிருந்து வந்தவர்களை அடைத்துவைத்த வவுனியாவின் மெனிக் பாம் முகாம். கதிர்காமர், ஆனந்த குமாரசாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயரை வைத்த வலயங்கள், முள்கம்பிக்கு இருபுறமும் உறவினரைத் தேடி நின்ற கூட்டம், தண்ணீர் வரிசை. முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. அப்போதும் சொந்தக் காணிக்குப் போக முடியாதவர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்கு மண்டபம் முகாம், பத்தடி அறை, ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் வருகைக் கணக்கெடுப்பு, அங்கேயே பிறந்து கல்லூரி முடித்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள். அகதி வாழ்க்கையில் பெரிய நிகழ்ச்சிகள் குறைவு. அதனால் அதை எழுதுவது கடினம், ஆனால் குடும்பம் எப்படிப் பிழைத்தது என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. தையல் மெஷின் வாங்கியது, முதல் கோழிக்கூடு, மூத்த பெண் படிப்பை நிறுத்திக் கடைக்குப் போனது, சீட்டுப் பிடித்தது.

பேச்சு மொழியைத் திருத்தாதீர்கள். உரையாடலில் அம்மம்மா எப்படிப் பேசினாரோ அப்படியே இருக்கட்டும். தமிழ்நாட்டு வாசகருக்கு விளங்காது என்று வட்டார வழக்கை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சூழலிலிருந்து வாசகர் விளங்கிக்கொள்வார்.

வெளியிடும் முன்

கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். அனுப்பிவைப்பதைவிட வாசித்துக் காட்டுவது நல்லது. எந்த வரியில் முகம் மாறுகிறது என்று பார்க்கலாம். ஊரில் இப்போதும் வாழ்பவர்களைப் பற்றித் தனியாக யோசியுங்கள். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானவர்கள் எத்தனையோ பேர். முன்னாள் போராளி ஒருவரின் இயக்கப் பெயர், படையணி, இப்போது இருக்கும் ஊர் மூன்றும் சேர்ந்து வந்தால் உண்மைப் பெயர் தேவையே இல்லை. புகைப்படத்தில் பின்னால் நிற்பவர்களையும் பாருங்கள்.

பிரதிகள்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றில் பல. உங்கள் பதிவுகளை ஒரே கைப்பேசியில் வைத்திருக்காதீர்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வேறொரு நாட்டிலிருக்கும் உறவினரிடம், ஒன்று இணையச் சேமிப்பில். ஒலிப்பதிவின் பெயரிலேயே நாள், இடம், பேசியவர், அவர் பிறந்த ஆண்டு நான்கையும் போடுங்கள். "அம்மம்மா 3" என்ற பெயர் இருபது ஆண்டுக்குப் பிறகு யாருக்கும் உதவாது. குடும்பம் சம்மதித்தால் நூலகம் போன்ற ஆவணகத்துக்கு ஒன்றைக் கொடுக்கலாம். எந்த ஆண்டுவரை திறக்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பழைய புகைப்படங்களின் பின்னால் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும். இடமிருந்து வலமாக, நிற்பவர், இருப்பவர், மடியில் இருக்கும் குழந்தை. பெயர் தெரியாதவருக்குக் கேள்விக்குறி போட்டு, அந்தப் படத்தின் ஒரு பிரதியை அடுத்த முறை ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.